யுத்த லொறிகளின் இரண்டாம் வாழ்வு

யுத்தம் ஒன்று முடிந்ததும் போர்வீரர் வீடு திரும்புகின்றனர். தளபதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதுகின்றனர். அவர்களைச் சுமந்து சென்ற வண்டிகள் என்னவாயின என்பதைச் சரித்திர நூல்கள் அரிதாகவே கூறும். மாணவர் படிக்கும் பாட நூல்களில் உடன்படிக்கைகளின் ஆண்டுகள் உண்டு; ஒரு லொறியின் கதை இல்லை. ஆயினும் கடந்த நூற்றாண்டில் சாதாரண மக்களின் போக்குவரத்தை மாற்றியமைத்தவற்றுள், இராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட வண்டிகளுக்குக் கணிசமான இடம் உண்டு. அவற்றை ஏலத்தில் எடுத்து, பழுது நீக்கி, தம் தேவைக்கு ஏற்ப மாற்றி ஓட்டிய மனிதரைப் பற்றியே நேயர்களுடன் பேச எண்ணுகிறேன். இன்று பல நாடுகளில் இது ஆர்வலரின் பொழுதுபோக்காக விளங்குகிறது. தொடங்கிய காலத்தில் பிழைப்பாகவே இருந்தது.

முதலாம் உலக யுத்தம் 1918இல் ஓய்ந்தபோது பிரித்தானிய அரசின் கையில் பல்லாயிரம் மோட்டார் வண்டிகள் எஞ்சியிருந்தன. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்னும் இடத்தில் அவற்றைச் சேர்த்துப் பழுதுபார்க்கப் பெரியதொரு களம் அமைக்கப்பட்டது. 1920இல் அந்தக் களத்தையும், அங்கே நின்ற ஏறத்தாழ 17,000 வண்டிகளையும் தனியார் சிலர் கூட்டாகச் சேர்ந்து எழுபது லட்சம் பவுணுக்கும் அதிகமான விலைக்கு வாங்கினர். வண்டிகளைத் திருத்தித் திருத்தி விற்றனர். வெறுமையான கொட்டகைகளைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டனர். ஸ்லவ் கைத்தொழிற் பேட்டை பிறந்த கதை இதுவே. படையிலிருந்து விலகிய இளைஞர் பலர் தம் கைக்குக் கிடைத்த சிறு தொகையைக் கொண்டு இத்தகைய லொறியொன்றை வாங்கிச் சரக்கேற்றும் தொழிலில் இறங்கினர். ஓட்டவும் திருத்தவும் அரசே அவர்களுக்கு யுத்த காலத்தில் கற்றுக்கொடுத்திருந்தது.

லேலண்ட் என்ற பெயர் நம் நாட்டுப் பஸ்களால் நமக்கு நன்கு பழகியது. அந்தக் கம்பனி பிரித்தானிய விமானப் படைக்கு 3 தொன் லொறிகளைச் செய்து கொடுத்திருந்தது. யுத்தத்தின்பின் அவை கண்டவர் கையிலும் சிக்கிச் சீரழிந்தால் தன் நற்பெயர் கெடுமே என்று அஞ்சி, அவற்றைத் தானே ஆயிரக்கணக்கில் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றையும் முற்றாகப் பிரித்துச் செப்பனிட்டு விற்றது. அதனாற் பெரும் பண நெருக்கடிக்கும் ஆளாயிற்று. பழைய லொறியை வாங்குகிறவர் எஞ்சினை ஒரு தரம் முடுக்கிக் கேட்டுவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட மேலான சான்று எனக்குத் தெரியவில்லை. செய்த கம்பனியே பிரித்துப் பார்க்காமல் விற்கத் துணியவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் இவை யாவற்றையும் சிறிதாக்கிவிட்டது. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பனியும் போர்ட் கம்பனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. ஜீ.எம்.சி. நிறுவனத்தின் ஆறு சக்கரமும் இழுக்கும் இரண்டரைத் தொன் லொறி ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. சனத்தொகையில் அவ்வளவு பெரிதல்லாத கனடா எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்து பொதுநலவாய நாடுகளின் படைகளுக்கு அனுப்பியது. கனடிய லொறியைப் படத்திற் கண்டவர் மறக்கமாட்டார்: மூக்கு அமுங்கிய முகம், கப்பலில் இடம் மிச்சப்படுத்துவதற்காகக் குறுக்கப்பட்ட உடல், மேலிருந்து கீழாக உட்சாய்ந்த முன்கண்ணாடி. அக்கண்ணாடியின் சாய்வு அழகுக்காக அமைந்ததன்று. வெயில் பட்டு மின்னி, வானத்திற் பறக்கும் எதிரி விமானிக்கு இடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக அமைந்தது. பிரித்தானிய முறையிற் செலுத்துவதற்காகச் சுக்கான் வலப்புறத்தில் வைக்கப்பட்டது. எனவேதான் அமெரிக்க ஜீப்பைக் காட்டிலும் கனடிய லொறி நம் நாடுகளின் வீதிகளுக்கு இயல்பாகப் பொருந்தியது.

இவ்வண்டிகளின் பெருஞ்சிறப்பு அவற்றின் வலிமையிலும் பார்க்க ஒருமைப்பாட்டிலேயே தங்கியிருந்தது எனலாம். வில்லிஸ் செய்த ஜீப்பின் உறுப்பை போர்ட் செய்த ஜீப்பிற் பூட்டலாம். வண்டிகளைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, பம்பாய் போன்ற துறைமுக நகரங்களில் இறக்கிப் பொருத்தினார்கள். படித்த பொறியியலாளர் இல்லாத இடத்திலும், கைந்நூல் ஒன்றும் சாவிக் கட்டு ஒன்றும் இருந்தால் இருபது வயதுச் சிப்பாய் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம். அந்தத் திட்டத்தின் பயனை எண்பது ஆண்டுகள் கழித்து ஆர்வலர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கின்றனர்.

யுத்தம் நம் கரைக்கும் வந்தது. 1942 ஏப்ரில் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கின. அதே 9ஆம் தேதி ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1944 ஏப்ரிலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. பர்மா முனைக்குச் செல்லவிருந்த ஆபிரிக்கப் படைகள் இத்தீவிற் பயிற்சி பெற்றன. இத்தனை பேருக்கும் உணவும் எண்ணெயும் சுமக்க லொறிகள் வேண்டியிருந்தன. யுத்தம் முடிந்தபின் அவற்றுட் பல இங்கேயே நின்றுவிட்டன. ஜீப்புகள் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போயின. லொறிகள் வியாபாரிகளிடம் போயின.

மற்ற நாடுகளில் நிகழ்ந்ததை நோக்கினால் மனிதனின் கைவன்மை வியப்பளிக்கும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளின் பின்புறத்தை நீட்டி, எதிரெதிரே இரு வாங்குகள் வைத்து, கூரை வேய்ந்து, வண்ணம் தீட்டிப் பிரயாணிகளை ஏற்றினர். ஜீப்னி என்று அவற்றுக்குப் பெயர். 1953இல் சராவோ என்னும் குடும்பத்தார் மணிலாவுக்கு அருகே இதற்கென்றே பட்டறை தொடங்கினர். பழைய ஜீப்புகள் தீர்ந்தபின்னும் அந்த உருவம் தீரவில்லை. ஜப்பானிய டீசல் எஞ்சின்களைப் பூட்டிப் புதிதாகவே கட்டினர். பர்மாவிலோ கனடிய செவ்ரலே லொறிகளின்மேல் மரக்கூடு கட்டி ரங்கூன் நகரத்துப் பஸ்களாக்கினர். அவை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாறு ஆண்டு யுத்தத்துக்காகச் செய்த வண்டி அறுபது ஆண்டு சமாதானச் சேவை செய்தது!

இவற்றுள் எனக்கு மிகப் பிடித்த கதை மோரிஸ் வில்க்ஸ் என்பவருடையது. ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளரான அவர், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையிலே கழிவு ஜீப் ஒன்றை வைத்திருந்தார். உழவுக்கும் சுமைக்கும் அதுவே உதவிற்று. இது தேய்ந்துபோனால் இதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதே விடை. ஆகவே தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தார். முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின்மேலேயே கட்டப்பட்டது. 1948 ஏப்ரில் 30ஆம் தேதி அம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் உலகம் லாண்ட் ரோவரைக் கண்டது. யுத்தத்தின்பின் உருக்குக்குத் தட்டுப்பாடு. எனவே உடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். விமானங்களின் உள்ளறைகளுக்கென வாங்கி மிஞ்சிய பச்சைச் சாயத்தை அதற்குப் பூசினர். பின்னர் அதே லாண்ட் ரோவரை இராணுவங்கள் வாங்கின, பாவித்தபின் கழித்தன, கழித்ததை மீண்டும் பண்ணையாளர் வாங்கினர். சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

அயல்நாடான இந்தியாவில் இந்த ஆர்வம் இன்றும் உயிருடன் இருக்கிறது. மேற்கு வங்காளத்திலுள்ள பானாகர், யுத்தக் காலத்தில் அமெரிக்கர் முகாமிட்ட இடம். இராணுவம் கழித்த வண்டிகளும் உதிரிப்பாகங்களும் விற்கும் சந்தையாகப் பெயர் பெற்றது. ஜப்பானிய நிசான் கம்பனியின் அனுமதியுடன் ஜபல்பூரில் 1999 வரை செய்யப்பட்ட ஜோங்கா என்னும் வண்டியும், ஜெர்மானிய மான் கம்பனியின் மாதிரியில் அங்கேயே செய்யப்பட்ட சக்திமான் லொறியும் ஏலத்துக்கு வந்து பலர் கைக்குப் போயின. ஜோங்காவின் ஆறு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சினுக்குத் தாகம் அதிகம். ஆகையால் வாங்கியவர் பலரும் முதலிற் செய்த காரியம் டீசல் எஞ்சினுக்கு மாற்றியதே. கிரிக்கெட் வீரர் தோனி 2019இல் ஜோங்கா ஒன்றை வாங்கியபோது, அதன் பெயரையே கேட்டிராத இளைஞரும் அறிந்துகொண்டனர்.

ஏலத்தில் வாங்குவோர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில், நிற்கும் நிலையில் விற்கப்படும். பின்னர் குறை கூற இடமில்லை. வெளித் தோற்றத்தைப் பார்ப்பதிலும் அடியிற் படுத்துப் பார்ப்பதே மேல். அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கமும், எஞ்சின் இலக்கமும், காகிதத்தில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று நோக்க வேண்டும். நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு இல்லாத வண்டி வீதிக்கு உரியதன்று. எஞ்சினை மாற்றுவோர் அந்த மாற்றத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அழகான லொறியும் பொருந்தாத இலக்கமும் சேர்ந்தால், வாங்கியவருக்கு முற்றத்திலே ஒரு பாரமான அலங்காரப் பொருள் மிஞ்சும்.

இனிப் பராமரிப்பு. இங்கே உயிராபத்தான ஒன்றை முதலிற் கூறிவிடுகிறேன். யுத்தக் கால வண்டிகள் பலவற்றின் சக்கரத் தட்டு இரு பாதிகளாகச் செய்யப்பட்டு, போல்ட்டும் நட்டும் கொண்டு இணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தில் இரு வட்டமாக நட்டுகள் காணப்படும். உள்வட்டத்தில் இருப்பவை சக்கரத்தை அச்சுடன் பிணைப்பவை. வெளிவட்டத்தில் இருப்பவை இரு பாதிகளையும் பிணைப்பவை. ரயரில் காற்று நிறைந்திருக்கும்போது வெளிவட்ட நட்டுகளைக் கழற்றினால், அழுத்தத்தால் தட்டு வெடித்துப் பறக்கும்; குனிந்து நிற்பவர் தப்புவது அரிது. இதற்காகவே பிரித்தானிய இராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் பூசும் வழக்கம் இருந்தது. எண்பது ஆண்டில் எத்தனையோ தரம் சாயம் மாறியிருக்கும், சிவப்பு மறைந்திருக்கும். வாங்கிய அன்றே அதை மீண்டும் பூசிவிடுவது நன்று. சக்கரத்தைத் தொடுமுன் ரயரின் காற்று முழுவதையும் வெளியேற்றுவது அதனிலும் நன்று.

கரையோரத்தில் வாழும் நமக்கு உப்புக் காற்று மற்றொரு பகைவன். காரைதீவில் ஒரு துவிச்சக்கர வண்டியைக் கூடத் துரு விட்டுவைப்பதில்லை. தொன் கணக்கான இரும்பைச் சொல்ல வேண்டுமா? லொறியின் அடிச்சட்டத்தில் மடிப்பும் மூலையும் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் சேறும் ஈரமும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். லாண்ட் ரோவரை நம்பி ஏமாறுவோர் பலர். அலுமினிய மேனி துருப்பிடிக்காமல் மினுங்கும். அதனுள்ளே இருக்கும் உருக்குச் சட்டமோ உக்கிப்போயிருக்கும். அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால் அலுமினியமும் வெண்தூளாக உதிரும். சுத்தியலால் மெல்லத் தட்டிச் செல்பவருக்குச் சட்டமே பதில் சொல்லும்: நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், உக்கியது மந்தமாக ஒலிக்கும்.

வயலும் களப்பும் நிறைந்த பிரதேசம் நம்முடையது. வண்டி நீரில் இறங்குவது சாதாரணம். ஓடிச் சூடேறிய அச்சுப் பெட்டி தண்ணீரிற் பட்டுத் திடீரெனக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். மூச்சுத் துளை வழியாகவும் தேய்ந்த அடைப்புகள் வழியாகவும் நீரை உறிஞ்சும். எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். அதை உடனே வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது மனித உயிர்களையே எண்ணித் துயருற்றோம். இயந்திரத்தை எண்ணுவார் யார்? ஆயினும் கடல்நீரில் மூழ்கிய எந்த வண்டிக்கும் பொருந்தும் விதி ஒன்றே: நன்னீரால் முழுவதும் கழுவி, எல்லா எண்ணெயையும் மாற்றாமல் எஞ்சினை முடுக்கக் கூடாது.

அடுத்து, மாற்றம் செய்வது பற்றிய விவாதம். 1976இல் அமெரிக்காவில் இராணுவ வண்டிகளைப் பேணுவோர் சங்கம் தோன்றியது. மற்ற நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. இவர்களுள் ஒரு சாரார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வண்டி இருக்க வேண்டும், ஓர் ஆணி கூட மாறக் கூடாது என்பர். மற்றச் சாரார், ஓட்ட முடியாத வண்டியால் என்ன பயன் என்பர். பிறேக்கைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை. யுத்தக் கால ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் கால் பிறேக் முழுவதும் போய்விடும். பாடசாலைப் பிள்ளைகள் கடக்கும் வீதியில் அத்தகைய வண்டியை அதன் பழமைக்காக அப்படியே வைத்திருப்பது பிடிவாதம். இரட்டைச் சுற்று அமைப்பைப் பொருத்துவதால் சரித்திரம் குறைந்துவிடாது. விளக்குகளும் அவ்வாறே. அக்காலத்து 6 வோல்ட் மின்சாரம் எதிரி விமானத்துக்கு ஒளிந்து ஓடுவதற்குப் போதுமாயிருந்தது. இன்றைய இரவுப் போக்குவரத்துக்குப் போதாது. 12 வோல்ட்டுக்கு மாற்றுவோர், மின் தொடக்கி முதல் அளவுமானி வரை எது தாங்கும், எது எரியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். 1950இன் பின் வந்த இராணுவ வண்டிகளிற் பல 24 வோல்ட். அவற்றுக்கு இரண்டு பற்றறிகளைத் தொடராகப் பூட்ட வேண்டும்.

எஞ்சின் மாற்றமே கடினமான கேள்வி. பழைய எஞ்சின்கள் மட்டமான பெற்றோலுக்கென்றே அமைக்கப்பட்டவை. இன்றைய பெற்றோல் அவற்றுக்குத் தாராளம். குறை செலவில் உள்ளது. மூன்று தொன் லொறி கலனுக்கு எட்டு மைல் ஓடினால் அதிகம். 2022இல் நம் நாட்டில் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டு, யூலை மாதம் முதல் அட்டை முறையிற் பங்கிட்டபோது, காருக்குக் கிடைத்த வார அளவு 20 லீற்றர். அந்த 20 லீற்றரை இத்தகைய லொறிக்கு ஊற்றினால் காரைதீவிலிருந்து மட்டக்களப்புக்குப் போகலாம். திரும்பி வர இயலாது. இந்நிலையில் டீசல் எஞ்சினைப் பூட்டியவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குத் தடை நீடித்த காலத்தில், பழைய வண்டியைத் திருத்தத் தெரிந்த கைகளின் பெறுமதியை எல்லாரும் உணர்ந்தோம்.

ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். கழற்றிய எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பாமல், எண்ணெய் தடவிப் பேண வேண்டும். எந்த ஆண்டு, எதைக் கழற்றி, எதைப் பூட்டினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஜீப்னியின் சரித்திரம் அதன் நீட்டிய பின்புறத்திலே உள்ளது. ரங்கூன் பஸ்ஸின் சரித்திரம் அதன் மரக்கூட்டிலே உள்ளது. அந்த மரக்கூட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு 1943ஆம் ஆண்டுக்கு வண்டியைத் திருப்பினேன் என்று ஒருவர் பெருமை பேசினால், அறுபது ஆண்டுச் சரித்திரத்தை அவர் அழித்துவிட்டார் என்றே நான் கொள்வேன். அதைக் கட்டிய தச்சனும், ஓட்டிய சாரதியும், அதில் வேலைக்குச் சென்ற பெண்களும் சரித்திரத்தில் இடம் இல்லாதவர்களா?

சாயத்தை உரிக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். பொறுமையுள்ளவர் இயந்திரத்தாற் சுரண்டாமல், நீர் தொட்டு மென்மையான உரைதாளால் ஒவ்வொரு படையாகத் தேய்ப்பர். வியாபாரி பூசிய நீலத்தின் கீழே தோட்டத்துச் சாம்பல் நிறம். அதன் கீழே இராணுவப் பச்சை. அதன்மேல் மங்கலாக வெள்ளை எழுத்துகள். பிரித்தானிய வண்டிகளில் எல் என்ற எழுத்துடன் தொடங்கும் இலக்கம் லொறியைக் குறிக்கும். இஸட் என்பது சிறிய வகை. ஏ என்பது நோயாளர் வண்டி. கல்வெட்டைப் படி எடுப்பவர்போல் அதைப் படம் எடுத்து, அளந்து, குறித்துக்கொண்ட பின்னரே அடுத்த படைக்குச் செல்ல வேண்டும்.

அதன்பின் எந்த நிறம் பூசுவது? நோர்மண்டிக் கடற்கரையில் ஆண்டுதோறும் யூன் மாதத்தில் பச்சைச் சாயமும் வெள்ளை நட்சத்திரமும் பூசிய ஜீப்புகள் அணிவகுக்கின்றன. அங்குள்ள முதியோருக்கு அந்தப் பச்சை விடுதலையின் நிறம்; கை அசைத்து வரவேற்கின்றனர். நம் கரையோரத்தின் நினைவுகள் வேறு. 1983 முதல் 2009 வரை நீண்ட யுத்தத்தைக் கண்ட தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே வாழ்கின்றனர். காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்குத் திரும்பும் ஒரு பச்சை லொறியைக் கண்டதும் இன்றும் பேச்சை நிறுத்திப் பார்க்கும் தாய்மாரை நான் அறிவேன். ஆகவே இப்பகுதியில் அத்தகைய லொறியை வைத்திருக்கும் ஆர்வலருக்கு நான் கூறுவது: இராணுவ இலக்கத்தைப் படத்திலும் கொப்பியிலும் காத்துக்கொள்ளுங்கள், சாவித் தட்டின் உட்புறத்தில் ஒரு சாண் அளவு பழைய பச்சையைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். வெளியே, நெல் மூட்டை ஏற்றிய காலத்தில் அந்த லொறி அணிந்திருந்த நீலத்தையே பூசுங்கள்.